திகதி கடந்த இணையத்தளமும் நிறுவனத்தின் நம்பகமும்

திருமணத்துக்கு ஆயத்தமாகும் ஓர் இளைஞன் பங்குத்தந்தையிடம் போனால் அவர் முதலில் கேட்பது ஞானஸ்நானப் பத்திரத்தை. தாயார் பெட்டிக்குள் கவனமாக வைத்திருக்கும் பழைய பத்திரத்தை அவன் கொண்டுபோய்க் கொடுக்கிறான். குருவானவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது போதாது, தம்பி. ஞானஸ்நானம் பெற்ற பங்கில் புதிதாக ஒன்று எடுத்துக்கொண்டு வாரும்" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார். ஆறு மாதத்துக்குள் எழுதப்பட்ட பத்திரமே வேண்டும் என்பது பல மறைமாவட்டங்களில் வழக்கம். வீட்டுக்கு வந்ததும் கேள்வி எழுகிறது: ஞானஸ்நானம் ஒருவருக்கு ஒரே தரந்தானே? அது எப்படிப் பழசாகும்?

ஞானஸ்நானம் பழசாவதில்லை. பழசாவது தாள். ஒருவர் உறுதிபூசுதல் பெற்றால், திருமணம் செய்தால், குருப்பட்டம் பெற்றால், துறவற சபையில் நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தால், அச்செய்தி அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அறிவிக்கப்பட்டு, அங்குள்ள பதிவேட்டில் அவருடைய பெயருக்கு நேரே குறிக்கப்படவேண்டும். 1907ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் திகதி, பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் காலத்தில் வெளிவந்த ‘நே தெமேரே’ என்னும் ஆணை, திருமணத்தை இவ்வாறு ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்று விதித்தது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் 535ஆம், 1122ஆம் சட்டங்களில் இதை வலியுறுத்துகிறது. ஆகவே அந்தப் பதிவேடு எழுதி மூடிவைத்த புத்தகமன்று. ஒருவருடைய வாழ்நாள் முழுவதும் திறந்திருக்கும் புத்தகம். இருபத்தைந்து வருடங்களுக்கு முன் அதிலிருந்து பிரதிபண்ணிய தாளில் பின்னால் வந்த குறிப்புகள் இரா. அத்தாளில் பொய் ஒன்றும் இல்லை. எழுதிய நாளில் அது முழு உண்மை. ஆனால் இன்று கேட்கப்படும் கேள்விக்கு அது விடை சொல்லாது.

காகிதத்தில் நூறு வருடங்களுக்கு மேலாக நாம் கைக்கொண்டு வரும் இந்த நிதானம், இணையத்தளம் என்று வரும்போது மட்டும் ஏன் காணாமற் போகிறது? கேள்வி நமது பங்குகளுக்கு மட்டும் உரியதன்று. பாடசாலை, கூட்டுறவுச் சங்கம், தொண்டு நிறுவனம், பிரதேச சபை, அமைச்சு எல்லாவற்றுக்கும் பொதுவானது. இணையத்தளம் ஆரம்பிக்கும் நாளில் குத்துவிளக்கு ஏற்றப்படுகிறது. அதிதி ஒருவர் பொத்தானை அழுத்துகிறார். படமும் பிடிக்கிறார்கள். நான்கைந்து வருடம் கழித்துப் பார்த்தால் முகப்பில் அதே ஆரம்ப விழாப் படந்தான் இருக்கும். ‘புதிய செய்திகள்’ என்ற தலைப்பின் கீழ் இருப்பதும் அந்த விழாச் செய்திதான்.

சும்மா கிடக்கும் பக்கத்தால் யாருக்கு என்ன நட்டம் என்று நிருவாகிகள் நினைக்கிறார்கள். இங்கேதான் தவறு தொடங்குகிறது. கைவிடப்பட்ட பக்கம் சும்மா கிடப்பதில்லை. இரவுபகலாக அந்த நிறுவனத்தின் பெயரில் அது பேசிக்கொண்டே இருக்கிறது. முன்பு உண்மையாயிருந்து இப்போது உண்மையல்லாதவற்றைப் பேசிக்கொண்டிருக்கிறது.

அம்பாறைக் கரையோரத்தை எடுத்துக்கொள்வோம். திருக்கோவிலை அடுத்துள்ள வினாயகபுரத்தில் வசிக்கும் ஒரு குடும்பத்துக்கு மாவட்டச் செயலகத்தில் அலுவல் இருந்தால், அக்கரைப்பற்றுக்கு வந்து அங்கிருந்து உட்பக்கமாக அம்பாறை நகருக்குப் போகவேண்டும். கல்முனையில் அலுவல் என்றால் அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது என்று ஊரூராகத் தாண்டி வடக்கே வரவேண்டும். கூலி வேலைக்கோ கடலுக்கோ போகிறவருக்கு அன்றைய உழைப்பு போயிற்று. பஸ் காசும் போயிற்று. எனவே புறப்படுமுன் மகள் கைத்தொலைபேசியில் அந்தக் கந்தோரின் இணையத்தளத்தைத் தேடிப் பார்க்கிறாள். பொதுமக்கள் நாள் இன்னது, கொண்டுவரவேண்டிய படிவம் இன்னது, தொலைபேசி இலக்கம் இன்னது என்று அதில் போட்டிருக்கிறது. தொலைபேசி எடுத்தால் மணி அடிக்கவில்லை. சரி, எழுத்தில் இருக்கிறதே என்று நம்பித் தகப்பனார் புறப்படுகிறார். அங்கே போனால் நாள் மாறிவிட்டது, படிவமும் மாறிவிட்டது. எழுதுவினைஞர், "அது பழைய தகவல், ஐயா" என்கிறார்.

கந்தோர் வாசலில் வசிப்பவருக்கு இது ஒரு சிறு தொந்தரவு; நாளைக்கு வரலாம். தூரத்தில் இருப்பவருக்கு இது ஒரு நாள் உழைப்பு. பிழையான தகவலின் விலையை அதை எழுதியவர் கொடுப்பதில்லை. நம்பிப் புறப்பட்டவர் கொடுக்கிறார், அதுவும் தூரத்துக்கும் வறுமைக்கும் ஏற்ப அதிகமாகவே கொடுக்கிறார். வீடு திரும்பிய தகப்பனார், ‘இணையத்தளம் புதுப்பிக்கப்படவில்லை’ என்று சொல்லமாட்டார். "அந்தக் கந்தோரை நம்பிப் போக ஏலாது" என்பார். அடுத்த முறை அதே கந்தோர் உண்மையான அறிவித்தல் ஒன்றைப் போட்டாலும் அவர் அதை யாரிடமாவது விசாரித்துத்தான் நம்புவார். நம்பகம் போவது என்பது இதுதான்.

கடல் கடந்தும் இது நடக்கிறது. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வாழும் நம் பிள்ளைகள் திருமணத்துக்காகக் கிழக்கிலங்கைப் பங்கு ஒன்றிலிருந்து புதிய ஞானஸ்நானப் பத்திரம் எடுக்கவேண்டியிருக்கிறது. அங்குள்ள குருவானவர் இணையத்தில் முகவரியைத் தேடுகிறார். கிடைத்த மின்னஞ்சலுக்கு எழுதுகிறார். அந்தப் பெட்டியைத் திறப்பார் யாரும் இல்லை. முன்னைய பங்குத்தந்தை மாற்றலாகிப் போகும்போது கடவுச்சொல்லும் அவரோடு போய்விட்டது. கிழமைகள் கழிகின்றன. இங்கே பதிவேடு செம்மையாக எழுதப்பட்டு அலுமாரிக்குள் இருக்கிறது. வெளியே உள்ளவருக்குத் தெரிவதோ பதில் சொல்லாத ஒரு பங்கு மட்டுமே.

கோயில் வாசலில் தொங்கும் அறிவித்தற் பலகையும் சில வேளை பழசாகத்தானே இருக்கிறது என்று சொல்லலாம். உண்மை. ஆனால் தாள் மஞ்சளாகிறது, மழைத்தூறல் பட்டு மை கரைகிறது, ஓரம் சுருள்கிறது. பார்த்தவுடனே அதன் வயது தெரிந்துவிடும். பக்கத்தில் சங்கீர்த்தியார் நிற்பார்; கேட்டுக்கொள்ளலாம். இணையப் பக்கம் மஞ்சளாவதில்லை. பத்து வருடத்துக்கு முன் எழுதிய தொலைபேசி இலக்கமும் நேற்று எழுதியதும் ஒரே வெண்மையில் ஒரே அழுத்தத்தில் நிற்கின்றன. பக்கத்தில் கேட்பதற்கு ஆளும் இல்லை.

ஆகையால் வாசகர் வேறு அடையாளங்களைத் தேடுகிறார். அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பி. ஜே. பொக் என்பவரின் தலைமையில் இதை ஆராய்ந்தார்கள். 2002இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 2,684 பேரிடம் இணையத்தளங்களைக் காட்டி, எதை நம்புகிறீர்கள், ஏன் நம்புகிறீர்கள் என்று கேட்டனர். அவர்கள் எழுதிய கருத்துகளில் 46.1 வீதம் தளத்தின் வெளித்தோற்றத்தைப் பற்றியனவாக இருந்தன. உள்ளடக்கத்தின் தரத்தை விடத் தோற்றமே முதலில் கண்ணில் பட்டிருக்கிறது. இது மனிதர்களுடைய குறை என்று நாம் வருந்தலாம். ஆனால் இருப்பது அதுதான். மூன்று வருடங்களில் 4,500க்கு மேற்பட்டோரிடம் நடத்திய ஆராய்ச்சியைக் கொண்டு அவர்கள் வகுத்த பத்து வழிகாட்டல்களில் ஒன்று, உள்ளடக்கத்தை அடிக்கடி புதுப்பியுங்கள் என்பது. புதிதாக எழுத ஒன்றும் இல்லாவிட்டால், அண்மையில் சரிபார்க்கப்பட்டது என்றாவது காட்டுங்கள் என்று அதிலேயே சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். பலரும் கவனிக்காத பகுதி இந்தப் பிற்பகுதிதான். நாளுக்கொரு செய்தி போடும்படி யாரும் கேட்கவில்லை. இருப்பது இன்னமும் சரிதான் என்று ஒருவர் பார்த்ததற்கு அடையாளம் கேட்கிறார்கள்.

தோற்றத்தால் வயது தெரியும் இடங்கள் சிலவற்றை நம் வீட்டுப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். 2018 யூலை தொடக்கம் குரோம் உலாவி, பழைய முறையில் இயங்கும் தளங்களின் முகவரிக்கு அருகே ‘பாதுகாப்பற்றது’ என்று எழுதிக் காட்டுகிறது. பாதுகாப்புச் சான்றிதழை இப்போது இலவசமாகவே பெறலாம். ஆயினும் பல தளங்கள் அந்த எச்சரிக்கையை நெற்றியில் ஒட்டிக்கொண்டே நிற்கின்றன. ஒரு காலத்தில் முகப்பில் படங்கள் அசைந்தாட ‘பிளாஷ்’ என்ற மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். 2020ஆம் ஆண்டின் முடிவோடு அது நிறுத்தப்பட்டது. அதை நம்பிக் கட்டிய முகப்புகளில் இப்போது வெறும் பெட்டிதான் தெரிகிறது.

தமிழுக்கென்று தனியாக ஒரு துன்பம் உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். யூனிகோட் முறை பரவுவதற்கு முன் இலங்கையில் தட்டச்சு வேலைகள் பெரும்பாலும் ‘பாமினி’ என்ற எழுத்துருவில் நடந்தன. நமது திருவழிபாட்டுத் தாள்கள், திருநாள் அழைப்பிதழ்கள் எத்தனையோ அதில்தான் அச்சாயின. இன்றும் சில அச்சகங்கள் அதை விடவில்லை. பாமினியின் உள்வேலை என்னவென்றால், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் எழுத்தின் வடிவங்களை வைத்துவிடுவது. கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்துத்தான். நமது கண்ணுக்குத் தமிழாகத் தெரியும்படி வேடம் போட்டிருக்கிறது. அச்சுக்கு அதனால் பாதகம் இல்லை. தாளில் ஏறியபின் வேடம் கலையாது. இணையத்தில் நிலைமை வேறு. அந்த எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் திறந்தால் வேடம் கலைந்துவிடும். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்த குப்பையாகப் பக்கம் முழுவதும் தெரியும். தேடுபொறியில் தமிழில் தேடினாலும் அந்தப் பக்கம் அகப்படாது. அதற்குள் தமிழே இல்லையே. இப்படி எழுதப்பட்ட பக்கங்களை இன்றைக்கும் அப்படியே விட்டுவைப்பது, பேர்த்திக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் பாட்டனார் உறுதி எழுதிவைத்தது போலாகும். மாற்றும் வேலை கடினமன்று. பாமினியை யூனிகோட்டாக மாற்றும் கருவிகள் இலவசமாக உண்டு. மாற்றியபின் ஒருவர் இருந்து மூலத்தோடு ஒப்பிட்டு வாசிக்கவேண்டும். அந்த ஒருவரைத்தான் தேடவேண்டியிருக்கிறது.

வெளித்தோற்றம் பழசாவதை விட, உள்ளே ஓடும் மென்பொருள் பழசாவது பெரிய ஆபத்து. அதற்கு நமது நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசின் மின்னஞ்சல் தொகுதி, கப்பம் கேட்கும் வகைத் தாக்குதல் ஒன்றுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரச முகவரி கொண்ட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சற் கணக்குகள் பாதிக்கப்பட்டன. காப்புப் பிரதிகளும் பூட்டப்பட்டுவிட்டன. அவ்வருடம் மே 17ஆம் திகதி தொடக்கம் ஓகஸ்ட் 26ஆம் திகதி வரை வந்தவையும் போனவையும் பலருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. தொகுதி ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ற் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மென்பொருளில். அதற்கு அந்த நிறுவனம் வழங்கிவந்த ஆதரவு 2023 ஏப்ரல் 11ஆம் திகதியோடு முடிந்திருந்தது. 2021 முதலே அதை உயர்த்தத் திட்டம் இருந்தது. பணமின்மையாலும் முன்னைய தீர்மானங்களாலும் தள்ளிப்போயிற்று என்று பொறுப்பான முகவர் நிலையம் விளக்கியது. விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். அப்போது நாடு இருந்த நிலையை நாம் அறிவோம். ஆனால் தனக்கு வந்த கடிதத்தையே காப்பாற்ற முடியாத இடத்துக்கு, உமது பிறப்புச் சான்றையும் அடையாள அட்டை விபரத்தையும் அனுப்பும் என்று சொன்னால் குடிமகன் தயங்கத்தான் செய்வான்.

அரச தளங்களைப் பற்றிச் சொல்லும்போது மொழியை விட்டுவிட ஏலாது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. அரச இணையத்தளங்களின் மேல் மூலையில் மூன்று மொழிகளின் பெயர்களும் இருப்பது வழக்கம். தமிழை அழுத்திப் பார்த்தவர்களுக்கு நடப்பது தெரியும். சில இடங்களில் தலைப்பு மட்டும் தமிழில், உள்ளே ஆங்கிலம். சில இடங்களில் சிங்களப் பக்கத்தில் இந்த மாதத்து அறிவித்தல், தமிழ்ப் பக்கத்தில் முன்னொரு வருடத்து அறிவித்தல். இன்னும் சில இடங்களில் பக்கமே வெறுமை. மூன்று மொழியிலும் ஒரே நாளில் தளம் திறக்கப்படுகிறது. பழசாவது என்னவோ தமிழ்தான் முதலில். எல்லா இடத்திலும் இதற்குக் காரணம் வஞ்சகம் என்று நான் சொல்லமாட்டேன். மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறை உண்மையானது. ஆயினும் வாசிப்பவர் காரணத்தைக் காண்பதில்லை, பக்கத்தைத்தான் காண்கிறார். இது தமிழ்க் கத்தோலிக்கர், தமிழ் இந்துக்களின் குறை மட்டுமன்று. கல்முனையிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் வாழும் முஸ்லிம் அயலவரும் அதே தமிழ்ப் பக்கத்தைத்தான் திறக்கிறார்கள். வேறு பல காரியங்களில் பிரிந்து நிற்கும் நாம் ஒரே குரலில் கேட்கக்கூடிய ஒன்று இது.

இக்கரையில் அதற்கு இன்னொரு கனமும் உண்டு. 2004 டிசெம்பர் 26ஆம் திகதிச் சுனாமியில் இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கடல் எழும்புமா என்று ஓர் இரவில் தாய் ஒருத்தி கைத்தொலைபேசியில் தேடும்போது, முன்னைய புயலின் எச்சரிக்கை திகதியின்றி அவள் கண்ணில் பட்டால் என்னாகும்? ஒன்றில் காரணமின்றி ஓடுவாள்; அல்லது இதெல்லாம் பழசு என்று உண்மையான எச்சரிக்கையையும் தள்ளிவிடுவாள். இரண்டாவதுதான் அதிகம் பயப்படவேண்டியது. (அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117. வீட்டுச் சுவரில் எழுதிவையுங்கள்.)

பிறரைச் சொல்லிக்கொண்டே போகாமல் நமது வீட்டுக்கு வருவோம். திருச்சபை இணையத்துக்குப் பிந்தி வந்ததென்று சொல்வதற்கில்லை. 1995ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் நாளிலேயே வத்திக்கானின் இணையத்தளம் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரின் நத்தார்ச் செய்தியோடு தோன்றிவிட்டது. அதைத் தாங்கிய கணினிகளுக்கு மிக்கேல், கபிரியேல், இரபாயேல் என்று அதிதூதர்களின் பெயரை வைத்தார்கள். தூது சொல்லும் பணிக்குப் பொருத்தமான பெயர்கள்தாம். ஆனால் தளம் வைத்திருப்பது ஒன்று, இணையத்தைக் கவனித்திருப்பது வேறொன்று என்பது பதின்மூன்று வருடம் கழித்துத் தெரியவந்தது.

1988இல் பாப்பரசரின் அனுமதியின்றிப் பேராயர் லெபெவ்ர் நான்கு பேரை ஆயர்களாக அபிஷேகம் செய்தார். அதனால் திருச்சபை விலக்குக்கு உள்ளான அந்நால்வரின் விலக்கை நீக்கும் ஆணை 2009 ஜனவரி 21ஆம் திகதி கையொப்பமாகி, 24ஆம் திகதி வெளியாயிற்று. நால்வருள் ஒருவரான றிச்சர்ட் வில்லியம்சன், நாசிகள் யூதர்களை நச்சுவாயு அறைகளில் கொன்றதை மறுத்துப் பேசிய பேட்டி சுவீடன் தொலைக்காட்சியில் அதே கிழமையில் ஒளிபரப்பானது. உலகம் கொதித்தது. யூதர்களோடு திருச்சபை பல பத்தாண்டுகளாக வளர்த்த நல்லுறவு ஆட்டங்கண்டது. ஒன்றிப்புக்காகக் கைநீட்டிய பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பரின் நோக்கத்தையே பலர் சந்தேகித்தார்கள்.

மார்ச் 10ஆம் திகதி அவர் உலக ஆயர்கள் அனைவருக்கும் ஒரு கடிதம் எழுதினார். இணையத்தில் கிடைத்த தகவலைப் பார்த்திருந்தால் பிரச்சினையை முன்கூட்டியே அறிந்திருக்கலாம் என்று தமக்குச் சொல்லப்பட்டதாகவும், இனித் திருப்பீடம் அந்தச் செய்தி ஊற்றைக் கூடிய கவனத்தோடு நோக்கவேண்டும் என்ற பாடத்தைத் தாம் கற்றுக்கொண்டதாகவும் அதில் தெரிவித்தார். விலக்கு நீக்கத்தின் பொருள் எது, எல்லை எது என்பது வெளியிட்ட நேரத்திலேயே போதிய தெளிவோடு விளக்கப்படவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். மனந்திறந்து இப்படிச் சொன்னது அவருடைய பெருந்தன்மை. விளக்கம் ஒன்றரை மாதம் பிந்தி வந்தது. அந்த இடைவெளியை மற்றவர்களுடைய விளக்கங்கள் நிரப்பிவிட்டன. ஒரு நிறுவனம் தன்னைப் பற்றிய உண்மையை உரிய நேரத்தில் உரிய இடத்தில் வைக்காவிட்டால், அந்த இடம் வெறுமையாக இருப்பதில்லை.

திருச்சபைக்கு இத்தகைய கவனம் தெரியாத ஒன்றா? பீடத்தைப் பாருங்கள். ஒவ்வொரு திருப்பலியிலும் நற்கருணை மன்றாட்டில் பாப்பரசருடைய பெயரும் மறைமாவட்ட ஆயருடைய பெயரும் சொல்லப்படுகின்றன. 2025 ஏப்ரல் 21ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் இறைவனடி சேர்ந்ததும் அந்தப் பெயர் மன்றாட்டிலிருந்து விடப்பட்டது. மே 8ஆம் திகதி பதினான்காம் லியோ தெரிவானதும் புதிய பெயர் வந்தது. ஒரு கிழமை பிந்தியும் பழைய பெயரைச் சொன்னால் பீடப்பணியாளரான சிறுவனே நிமிர்ந்து பார்ப்பான். ஆனால் அதே பங்கின் இணையப் பக்கத்தில் பழைய பெயர் மாதக்கணக்காக நின்றாலும் ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. 2012 யூலை 3ஆம் திகதி திருகோணமலை-மட்டக்களப்பு மறைமாவட்டம் பிரிக்கப்பட்டு, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களைக் கொண்டு மட்டக்களப்பு மறைமாவட்டம் தனியே உருவாயிற்று. அந்தப் பழைய கூட்டுப் பெயரில் இன்றும் தன்னை அறிமுகப்படுத்தும் பக்கம் எங்காவது இருந்தால், 2012இலிருந்து இதை யாரும் தொடவில்லை என்று அதுவே வாய்விட்டுச் சொல்கிறது. அதைப் படித்தவர், அங்கே உள்ள திருப்பலி நேரத்தை நம்புவாரா? காணிக்கை அனுப்பும் வங்கிக் கணக்கிலக்கத்தை நம்புவாரா?

பரிகாரம் என்று பெரிய செலவைச் சொல்லப்போவதில்லை. பங்குக்கோ சிறு சங்கத்துக்கோ பத்துப் பிரிவுகள் கொண்ட தளம் வேண்டியதில்லை. திருப்பலி நேரம், பங்குப் பணிமனை திறக்கும் நேரம், வேலைசெய்யும் ஒரு தொலைபேசி இலக்கம், பத்திரம் பெறும் வழி, ‘இன்ன திகதியில் சரிபார்க்கப்பட்டது’ என்ற ஒரு வரி. இவை இருந்தாற் போதும். காக்க முடியாத ஐம்பது பக்கங்களை விட, காக்கக்கூடிய ஒரு பக்கம் மேல். இப்போது பலரும் முகநூலும் வட்ஸ்அப்பும் போதும் என்கிறார்கள். ஊருக்குள் அது ஓரளவு சரி. ஆனால் குழுவில் இல்லாத வெளியூரவருக்கு அங்கே வாசல் இல்லை. முந்தாநாளைய அறிவித்தல் நூறு வாழ்த்துச் செய்திகளுக்குக் கீழே புதைந்துவிடுகிறது.

தளத்தை யார் பெயரில் பதிந்திருக்கிறார்கள் என்பதையும் பங்குச்சபை ஒருமுறை விசாரிப்பது நல்லது. ஆர்வமுள்ள இளைஞன் ஒருவன் தன் சொந்தப் பெயரில், சொந்த மின்னஞ்சலில் பதிந்து நடத்துவான். பின் கட்டாருக்கு வேலைக்குப் போய்விடுவான். வருடாந்தக் கட்டணம் கட்டவில்லை என்றால் அந்தப் பெயர் விடுபட்டுவிடும். விடுபட்ட பெயரை வேறு யாரும் வாங்கலாம். நல்ல பெயரெடுத்த பழைய முகவரிகளை வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போடுவதையே தொழிலாகக் கொண்டோர் உலகில் உண்டு. முத்திரையையும் காசுப் புத்தகத்தையும் போல, தளத்தின் கடவுச்சொல்லும் கட்டணத் திகதியும் பங்குத்தந்தை மாறும்போது கையளிக்கும் பட்டியலில் எழுதப்படவேண்டும்.

பழசு என்றால் அழித்துவிடுவதா என்றும் கேட்பார்கள். அழிக்கவேண்டாம். அமெரிக்காவின் பியூ ஆய்வு நிலையம் 2024 மே மாதத்தில் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 வீதம் பத்து வருடத்தின் பின் திறக்க முடியாமற் போயிருந்தன. அவற்றோடு எத்தனை ஊர்களின் வரலாறு போயிற்றோ! 2006ஆம் ஆண்டுத் திருநாட் படம், ‘2006’ என்ற திகதியோடு இருந்தால் அது ஆவணம். திகதியில்லாமல் ‘எமது திருநாள்’ என்று இருந்தால் குழப்பம். சுனாமி வீட்டுத் திட்டத்தை முடித்த தொண்டு நிறுவனம், ‘முடிந்தது’ என்ற ஒரு சொல்லையும் வருடத்தையும் சேர்த்தால் அது பெருமைக்குரிய பதிவு. ‘நடைபெறுகிறது’ என்று விட்டு, பக்கத்தில் நன்கொடை கேட்கும் பொத்தானையும் விட்டால், கொடுக்க நினைப்பவர் எதை நம்பிக் கொடுப்பார்? ஞானஸ்நானப் பதிவேட்டிலும் பழைய வரியை யாரும் வெட்டுவதில்லையே, பக்கத்தில் எழுதுகிறார்கள்.

குடும்பங்கள் செய்யக்கூடியதும் உண்டு. ஒரு பக்கத்தை நம்பிப் பஸ் ஏறுமுன் அதன் அடியில் திகதி இருக்கிறதா என்று பிள்ளையிடம் பார்க்கச் சொல்லுங்கள். திகதி இல்லாவிட்டால் தொலைபேசியில் கேளுங்கள். பிழையைக் கண்டால் மனத்துக்குள் ஏசிவிட்டுப் போகாமல், பங்காயின் பங்குத்தந்தைக்கும், பாடசாலையாயின் அதிபருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பலருக்குத் தமது தளத்தில் என்ன இருக்கிறதென்றே தெரியாது. அரச நிறுவனமாயின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு பகிரங்க அதிகார சபையிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும். அவருடைய விபரம் கந்தோரில் எல்லாரும் காணும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்கவேண்டும். அவருக்கு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை. கூடியது பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர் முடிவைத் தெரிவிக்கவேண்டும். ‘இத்திணைக்களத்தின் தமிழ் இணையப் பக்கம் கடைசியாக எத்திகதியில் திருத்தப்பட்டது? அதற்குப் பொறுப்பான பதவியில் உள்ளவர் யார்?’ என்று இரண்டு கேள்விகளை ஒரு தாளில் எழுதி, திகதியிட்டுக் கையொப்பம் வைத்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சிட்டை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.